ஜிலிப்சி இல்லை, லிப்எஸ்எஸ்எல் இல்லை: கிளவுட் சர்வரில் லைப்ரரி மோதலைத் தீர்க்க முழுமையான வழிகாட்டி

புது சாஃப்ட்வேர் ஒன்றை சர்வரில் ஏற்றி ஸ்டார்ட் கொடுக்கிறீர்கள். "எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்" என்று ஒரே வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த வரியை அப்படியே தேடினால் வரும் பதில்களில் பல ஒரே மாதிரி இருக்கும்: இந்த ஃபைலை இறக்கி /லிப்64-க்குள் போடு, அல்லது இருக்கும் ஃபைலுக்கு பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) போட்டுவிடு. தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். சர்வரில் இருக்கும் லைப்ரரிகள் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோட் ஃபைல்கள்) உங்கள் ஒரு புரோகிராமுக்காக மட்டும் இல்லை, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்வது), ஆப்ட் (பேக்கேஜ் நிறுவுவது), பைத்தான், பேஷ் ஷெல் எல்லாம் அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. புரோகிராமுக்கு எந்த லைப்ரரி வேண்டுமோ அதை அந்தப் புரோகிராமுக்கு மட்டும் கொடுக்க வேண்டும், சிஸ்டத்தின் பங்கைத் தொடக்கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றுக்காகத்தான்.

கமாண்டுகளை வாயால் சொல்வதுபோல் தமிழிலேயே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

தொடங்கும் முன்

முதலில் டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து முழு நகல்) ஒன்று எடுத்துவிடுங்கள். கிளவுட்டில் இது சில கிளிக் வேலைதான். அப்புறம், இரண்டாவதாக ஒரு எஸ்எஸ்எச் செஷனைத் திறந்து ரூட்டாக உள்ளே வைத்திருங்கள், வேலை முழுக்க முடியும்வரை அதை மூடாதீர்கள். லைப்ரரி உடைந்தால் புதிதாக லாகின் செய்ய முடியாமல் போகலாம், ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் ஷெல் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். அதை வைத்துத்தான் மீட்க வேண்டி வரும்.

எரரை முழுதாகப் படியுங்கள்

எல்லா எரரும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் மருந்து வேறு வேறு. "கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்" என்று வந்தால் அந்தப் பெயரில் ஃபைலே கண்ணில் படவில்லை என்று பொருள். ஃபைல் சர்வரில் இருந்தும் தேடும் இடத்தில் இல்லாமல் இருக்கலாம், அதுவும் இதே எரர்தான். "வெர்ஷன் ஜிலிப்சி_2.28 நாட் ஃபவுண்ட்" என்றால் (ஜிலிப்சி என்பது பெரும்பாலான லினக்ஸ்களின் அடிப்படை சி லைப்ரரி) ஃபைல் கிடைத்துவிட்டது, அது பழையது. "சிம்பல் லுக்அப் எரர்" என்றால் ஃபைல் கிடைத்திருக்கிறது, ஆனால் புரோகிராம் கூப்பிடும் ஃபங்ஷன் அதற்குள் இல்லை. இது பெரும்பாலும் தப்பான இடத்திலிருந்து தப்பான காப்பி ஏறிவிட்டதன் அடையாளம்.

இன்னும் ஒன்று பலரைக் குழப்புகிறது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, எல்எஸ் போட்டால் தெரிகிறது, ஓட்டினால் மட்டும் "நாட் ஃபவுண்ட்" என்கிறது. ஆல்பைன் லினக்ஸில் இது அடிக்கடி வரும். ஆல்பைனில் ஜிலிப்சி கிடையாது, மசல் என்ற வேறொரு சி லைப்ரரி. ஜிலிப்சிக்காகக் கட்டிய புரோகிராம் தேடும் லோடர் (லைப்ரரிகளைத் தேடி ஏற்றித் தருவது) ஃபைலே அங்கு இல்லை, காணவில்லை என்று கெர்னல் சொல்வது அந்த லோடரைத்தான். "எக்ஸெக் ஃபார்மாட் எரர்" வந்தால் லைப்ரரி பிரச்சினையே இல்லை, கிராவிட்டான் போன்ற ஆர்ம் சர்வரில் இன்டெல் பில்டை இறக்கியிருக்கிறீர்கள், சரியான பில்டை எடுத்தால் முடிந்தது.

சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) வழியாக சர்வீஸாக ஓட்டினால் ஸ்டேட்டஸில் 127 என்ற எண் மட்டும் தெரியும். ஜர்னல்சிடிஎல்-இல் மைனஸ் யூ போட்டு சர்வீஸ் பெயரைக் கொடுத்தால் முழு வரியும் கிடைக்கும்.

யார் எதைக் கேட்கிறார்கள்

எல்டிடி கமாண்டுக்குப் பின்னால் புரோகிராமின் முழுப் பாதையைக் கொடுங்கள். வேண்டிய ஒவ்வொரு லைப்ரரியும் எங்கிருந்து வருகிறது என்று வரிவரியாகக் காட்டும், கிடைக்காததற்கு நேராக "நாட் ஃபவுண்ட்" இருக்கும். ஒரு எச்சரிக்கை: எல்டிடி சில நேரம் அந்தப் புரோகிராமையே ஓட்டிவிடக்கூடும். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து இறக்கிய ஃபைல் என்றால் ஆப்ஜ்டம்ப் மைனஸ் பி, அல்லது ரீட்எல்ஃப் மைனஸ் டி போடுங்கள். "நீடட்" என்ற வரிகளில் நேரடித் தேவைகள் மட்டும் வரும், எதுவும் ஓடாது.

நீடட் வரியில் இருக்கும் பெயரைக் கவனியுங்கள். லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 (ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் லைப்ரரி) என்று இருந்தால் அந்தக் கடைசி எண் சும்மா ஒட்டியது இல்லை. பழைய புரோகிராம்களுக்குப் பொருந்தாத மாற்றம் வரும்போதுதான் லைப்ரரி எழுதுபவர்கள் அந்த எண்ணை ஏற்றுகிறார்கள். அதனால்தான் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-ஐ 1.1 என்ற பெயரில் சிம்லிங்க் செய்தால் முதல் எரர் போய் இரண்டாவது எரர் வரும்: "வெர்ஷன் ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் ஃபவுண்ட்". ஓப்பன்எஸ்எஸ்எல் 3-இன் ஃபங்ஷன்களில் 3.0 என்ற முத்திரைதான் இருக்கிறது, பெயரை மாற்றினாலும் உள்ளே இருக்கும் முத்திரை மாறாது.

எந்த இடத்திலிருந்து தப்பான காப்பி ஏறுகிறது என்று பிடிபடவில்லையா? எல்டி_டீபக் என்ற சூழல் மாறிக்கு லிப்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்துப் புரோகிராமை ஓட்டுங்கள். லோடர் ஒவ்வொரு டைரக்டரியாகப் போய்த் தேடுவதையும் கடைசியில் எதை எடுத்தது என்பதையும் திரையில் கொட்டும். பத்து பேரிடம் கேட்பதைவிட இந்த ஒரு அவுட்புட் உதவும்.

லோடர் தேடும் வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் புரோகிராமுக்குள் எழுதியிருக்கும் ஆர்பாத் என்ற தேடல் பாதை (ரன்பாத் என்ற மற்றொரு வகைப் பாதை இல்லாவிட்டால் மட்டும்), அப்புறம் எல்டி_லைப்ரரி_பாத், அப்புறம் ரன்பாத், அதற்குப் பின் எல்டிகான்ஃபிக் கமாண்ட் கட்டிவைத்த லைப்ரரிப் பட்டியல் (கேஷ்), கடைசியில் /லிப், /யூஎஸ்ஆர்/லிப். பாதி குழப்பம் இந்த வரிசையை மறப்பதில்தான் வருகிறது.

முதலில் சரியான பில்டைத் தேடுங்கள்

பெரும்பாலான நேரம் பிரச்சினை சர்வரில் இல்லை, நாம் இறக்கியது வேறு டிஸ்ட்ரோவுக்கான (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை) பேக்கேஜ். உபுண்டு 20.04-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1 இருந்தது, 22.04-இல் அதை எடுத்துவிட்டு 3.0 மட்டும் வைத்தார்கள். 22.04 வந்த புதிதில் மாங்கோடிபி 5.0 போட முயன்றவர்கள் எல்லாரும் லிப்எஸ்எஸ்எல்1.1 கிடைக்கவில்லை என்ற சுவரில் முட்டினார்கள். அதற்கான சரியான பேக்கேஜ் 6.0 வரிசையில்தான் வந்தது. பிடிஎஃப் உருவாக்கும் டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப்-க்கும் இதே கதை, பழைய டெப் ஃபைல் (உபுண்டு, டெபியன் பேக்கேஜ்) 1.1 கேட்கும், 0.12.6.1-இல் 22.04-க்கென்றே தனி டெப் இருக்கிறது. எனவே தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன் அந்த சாஃப்ட்வேரின் டவுன்லோடு பக்கத்தில் உங்கள் டிஸ்ட்ரோவின் பெயரோடு வேறு ஃபைல் இருக்கிறதா பாருங்கள்.

உபுண்டு 24.04-இல் வேறொரு மாற்றம். 2038-க்குப் பின்னும் நேரக்கணக்கு சரியாக வர, பல லைப்ரரி பேக்கேஜ்களின் பெயரில் டி64 என்ற வால் சேர்ந்தது. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. ஹெட்லெஸ் குரோமுக்காக லிப்ஏசவுண்ட்2 போடும் பழைய ஸ்கிரிப்டுகள் 24.04-இல் நிற்பது இதனால்தான். அந்தப் பெயர் இப்போது வெறும் மெய்நிகர் பெயர், லிப்ஏசவுண்ட்2டி64 என்று மாற்றினால் போதும்.

எந்த பேக்கேஜில் எந்த ஃபைல் இருக்கிறது என்று தெரியாவிட்டால் உபுண்டு, டெபியனில் ஆப்ட்-ஃபைல் சர்ச், ரெட்ஹேட் குடும்பத்தில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ். இன்ஸ்டால் செய்யும் முன் ஆப்ட்-கெட் மைனஸ் எஸ் போட்டு ஒத்திகை பாருங்கள். "ரிமூவ்டு" என்ற தலைப்பின் கீழ் நீங்கள் எதிர்பார்க்காத பெயர்கள் நீளமாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டெப் ஃபைலை நேராக நிறுவும் டிபிகேஜி-க்கு ஃபோர்ஸ்-ஆல் கொடுப்பது அன்றைக்கு வேலை முடிந்த மாதிரி காட்டும், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆப்ட் கமாண்டும் "அன்மெட் டிபென்டென்சீஸ்" என்று முரண்டு பிடிக்கும்.

பழைய லைப்ரரியை ஒரு புரோகிராமுக்கு மட்டும் கொடுப்பது

சரி, புது பில்ட் இல்லவே இல்லை, வாங்கிய பழைய மென்பொருள், சோர்ஸும் கிடையாது, 22.04-இல் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 வேண்டும் என்கிறது. அப்போது என்ன செய்வது?

உபுண்டு 20.04-இன் அதிகாரப்பூர்வ ஆர்கைவிலிருந்து லிப்எஸ்எஸ்எல்1.1 டெப் ஃபைலை இறக்குங்கள், ஆனால் இன்ஸ்டால் செய்யாதீர்கள். டிபிகேஜி-டெப் மைனஸ் சின்ன எக்ஸ் போட்டு ஒரு தற்காலிக டைரக்டரியில் பிரியுங்கள். உள்ளே யூஎஸ்ஆர்/லிப்-க்குக் கீழே லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1, லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.1 என்று இரண்டு ஃபைல்கள் இருக்கும். அவற்றை உங்கள் புரோகிராமின் பக்கத்திலேயே, /ஆப்ட்/செயலி/லிப் போன்ற இடத்தில் வையுங்கள்.

இப்போது புரோகிராமுக்கு அந்த இடத்தைக் காட்ட வேண்டும். சோதனைக்கு எல்டி_லைப்ரரி_பாத் போதும், அந்த ஒரு கமாண்டுக்கு முன்னால் எழுதி ஓட்டிப் பாருங்கள். ஆனால் அதை பேஷ்ஆர்சி-யிலோ /எட்சி/என்விரான்மென்ட்-இலோ எழுதாதீர்கள், அப்படி எழுதினால் அந்த ஷெல்லில் ஓடும் கர்ல், கிட், பைத்தான் எல்லாமே உங்கள் டைரக்டரியில்தான் முதலில் தேடும், அங்கே அதே பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு சம்பந்தமே இல்லாத இடத்தில் உடையும். சர்வீஸ் என்றால் சிஸ்டம்டி யூனிட் ஃபைலில் என்விரான்மென்ட் வரியாகக் கொடுக்கலாம், அது அந்த சர்வீஸோடு நின்றுவிடும்.

நிரந்தர வழி பேட்ச்எல்ஃப், கட்டி முடித்த புரோகிராமுக்குள் இருக்கும் தேடல் பாதையை மாற்றும் கருவி. செட்-ஆர்பாத் ஆப்ஷனோடு $ஒரிஜின்/லிப் என்று கொடுத்தால் (புரோகிராம் ஃபைல் /ஆப்ட்/செயலி-இலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்), தான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்து லிப் டைரக்டரியில் தேடு என்பது புரோகிராமுக்குள்ளேயே பதிந்துவிடும். அந்தப் பாதையை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஷெல் டாலர் குறியைப் பார்த்ததும் அதை மாறியாக எண்ணி வெறுமையாக்கிவிடும், வெறும் /லிப் மட்டும் பதியும். மூல ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இங்கே பலர் மாட்டும் இடம் ஒன்று இருக்கிறது. பேட்ச்எல்ஃப் வழக்கமாக எழுதுவது ரன்பாத், அது புரோகிராமின் நேரடித் தேவைக்கு மட்டும்தான் செல்லும். புரோகிராம் லிப்எஸ்எஸ்எல்-ஐ மட்டும் கேட்கிறது, லிப்எஸ்எஸ்எல் தன் பங்குக்கு லிப்கிரிப்டோவைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிப்எஸ்எஸ்எல் கிடைத்துவிடும், லிப்கிரிப்டோ "நாட் ஃபவுண்ட்" ஆகும், இரண்டும் ஒரே டைரக்டரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும்! தீர்வு எளிது: உங்கள் லிப்எஸ்எஸ்எல் நகலுக்கும் பேட்ச்எல்ஃப் போட்டு, அதன் ஆர்பாத்தாக வெறும் $ஒரிஜின் கொடுங்கள். பிறகு எல்டிடி-யை மீண்டும் ஓட்டி, இரண்டு வரியிலும் உங்கள் பாதை தெரிகிறதா பாருங்கள்.

சுடோ போட்டு ஓட்டினால் எல்டி_லைப்ரரி_பாத் தொலைந்துவிடும், அது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்தது. அதேபோல் 443 போர்ட்டில் ரூட் இல்லாமல் ஓட்ட செட்கேப் (புரோகிராம் ஃபைலுக்குத் தனி உரிமை தரும் கமாண்ட்) செய்திருந்தால் லோடர் பாதுகாப்பு நிலைக்குப் போய் அந்த மாறியைக் கண்டுகொள்ளாது, $ஒரிஜின் மீதும் கட்டுப்பாடு வைக்கும். கையால் ஓட்டினால் ஓடுகிறது, செட்கேப் செய்தபின் ஓடவில்லை என்றால் காரணம் இதுதான். செட்கேப்-ஐ எடுத்துவிட்டு சிஸ்டம்டி யூனிட்டில் ஆம்பியன்ட்கேப்பபிலிட்டீஸ் வரியில் அதே உரிமையைக் கொடுங்கள், இந்தச் சிக்கல் வராது.

ஜிலிப்சி என்றால் வழியே வேறு

மேலே சொன்ன வித்தை ஜிலிப்சிக்குச் செல்லாது. புது லிப்சி.எஸ்ஓ.6-ஐ மட்டும் ஒரு டைரக்டரியில் வைத்து எல்டி_லைப்ரரி_பாத் கொடுத்தால் பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட்தான் வரும், ஏனென்றால் லோடரும் லிப்சியும் ஒரே பில்டிலிருந்து வந்த ஜோடியாக இருக்க வேண்டும். பேட்ச்எல்ஃப் வைத்து லோடரையும் சேர்த்து மாற்ற முடியும், ஆனால் அந்தச் சிரமத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விதி இது: பழைய ஜிலிப்சியில் கட்டிய புரோகிராம் புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. சென்ட்ஓஎஸ் 7-இல் 2.17, அமேசான் லினக்ஸ் 2-இல் 2.26, உபுண்டு 18.04-இல் 2.27, 20.04-இல் 2.31, ரெட்ஹேட் 9-இலும் அமேசான் லினக்ஸ் 2023-இலும் 2.34, உபுண்டு 22.04-இல் 2.35, டெபியன் 12-இல் 2.36, உபுண்டு 24.04-இல் 2.39. உங்கள் சர்வரில் எது என்று அறிய எல்டிடி-க்கு மைனஸ் மைனஸ் வெர்ஷன் கொடுங்கள். நோட்.ஜேஎஸ் 18-இன் அதிகாரப்பூர்வ பில்ட் 2.28 கேட்கிறது, அதனால்தான் சென்ட்ஓஎஸ் 7, அமேசான் லினக்ஸ் 2, உபுண்டு 18.04 மூன்றிலும் அது படுத்துவிடுகிறது. பைத்தானில் இதே நோய் வேறு முகம் காட்டும்: புது வீல் ஃபைல்கள் (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்கள்) மெனிலினக்ஸ்_2_28 என்ற அடையாளத்தோடு வருகின்றன, பழைய சர்வரில் பைத்தானின் இன்ஸ்டாலரான பிப் அதைத் தள்ளிவிட்டு சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யத் தொடங்கி, ஜிசிசி இல்லை, ஹெடர் இல்லை என்று வேறு எரரில் போய் நிற்கும்.

உங்கள் சொந்தப் புரோகிராம் என்றால் எங்கே பில்ட் ஆகிறது என்று பாருங்கள். பில்ட் மெஷின் உபுண்டு 24.04, ஓடும் சர்வர் 22.04 என்றால் "ஜிலிப்சி_2.38 நாட் ஃபவுண்ட்" வர நல்ல வாய்ப்பு உண்டு, எண்ணைப் படிக்கும் ஸ்டிஆர்டால் போன்ற சாதாரண ஃபங்ஷன்களுக்கே 2.38-இல் புது முத்திரை வந்துவிட்டது. ஓடப்போகும் சர்வர்களில் எது மிகப் பழையதோ அதே டிஸ்ட்ரோவின் கண்டெய்னருக்குள் (டாக்கர் தருவது போன்ற தனித்த சூழல்) பில்ட் செய்யுங்கள். கோ மொழி என்றால் சிகோ_எனேபிள்டு-க்குப் பூஜ்யம் கொடுத்தாலும், ரஸ்ட் என்றால் மசல் டார்கெட்டுக்குக் கட்டினாலும், பெரும்பாலும் இந்தத் தொல்லையே வராது.

அடுத்தவர் புரோகிராம் என்றால் கண்டெய்னர்தான் சரியான பதில். கண்டெய்னர் தன் ஜிலிப்சியைத் தானே கொண்டு வரும், சர்வரிடமிருந்து கெர்னலை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒன்றே ஒன்று: டாக்கர் 20.10.10-க்கு முந்தையது என்றால் உபுண்டு 22.04 போன்ற புது இமேஜ்கள் த்ரெட் உருவாக்கும்போதே "ஆப்பரேஷன் நாட் பர்மிட்டட்" என்று விழும். ஜிலிப்சி 2.34-இலிருந்து குளோன்3 என்ற புது சிஸ்டம் காலைப் பயன்படுத்துகிறது, பழைய டாக்கரின் செக்காம்ப் (சிஸ்டம் கால் வடிகட்டி) அதை மறுத்துவிடுகிறது. டாக்கரை முதலில் அப்டேட் செய்யுங்கள்.

சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அதில் இன்னும் புது சாஃப்ட்வேர் ஏற்றப் பார்க்கிறீர்கள் என்றால், கிளவுட்டில் புது சர்வர் ஒன்று எடுத்து டேட்டாவை மாற்றுவது லைப்ரரியோடு மல்லுக்கட்டுவதைவிட நேரம் குறைவு.

/யூஎஸ்ஆர்/லோக்கல் சிக்கல்

சோர்ஸிலிருந்து மேக் இன்ஸ்டால் செய்தது எல்லாம் இங்கே போய் உட்காரும். ரெட்ஹேட் குடும்பத்தில் லோடர் இங்கே தானாகத் தேடாது, எனவே இன்ஸ்டால் முடிந்தும் "கேனாட் ஓப்பன்" வரும். /எட்சி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி-க்குள் ஒரு சின்ன ஃபைலில் அந்தப் பாதையை எழுதி எல்டிகான்ஃபிக் ஓட்டினால் சரியாகும். உபுண்டு, டெபியனில் நிலைமை தலைகீழ், அங்கே /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கெனவே தேடும் பட்டியலில் இருக்கிறது. யாரோ கட்டிப் போட்ட கர்லோ ஓப்பன்எஸ்எஸ்எல்-ஓ சிஸ்டத்தின் காப்பியை மறைத்துவிட்டு "நோ வெர்ஷன் இன்ஃபர்மேஷன் அவைலபிள்" என்று புலம்ப வைக்கும். எல்டிகான்ஃபிக் மைனஸ் பி அவுட்புட்டில் ஒரே லைப்ரரிக்கு இரண்டு பாதை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். சோர்ஸிலிருந்து கட்டுவதானால் ப்ரிஃபிக்ஸாக /ஆப்ட்-க்குள் தனி டைரக்டரி கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை எழவே எழாது.

யாராவது லிப்சி-யை மாற்றிவிட்டிருந்தால்

எல்எஸ் போட்டாலும் எரர், சிபி போட்டாலும் எரர். ரீபூட் செய்யாதீர்கள், அந்த ஷெல்லை மூடாதீர்கள். சிடி, எக்கோ போன்றவை பேஷுக்குள்ளேயே இருப்பவை, அவை ஓடும். எக்கோ-வோடு நட்சத்திரக் குறி போட்டால் டைரக்டரியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். சென்ட்ஓஎஸ் 7-இல் லிப்சி.எஸ்ஓ.6 என்பது லிப்சி-2.17.எஸ்ஓ-வுக்கான சிம்லிங்க்தான், சிம்லிங்க் மட்டும் மாறியிருந்து பழைய ஃபைல் அப்படியே இருந்தால், எல்டி_ப்ரீலோடு-க்கு அந்தப் பழைய ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்து எல்என் மைனஸ் எஸ்எஃப் ஓட்டினால் சிம்லிங்கைத் திருப்பி வைக்கலாம். எஸ்எல்என் என்ற கமாண்டும் இதற்காகவே இருக்கிறது, அது எந்த லைப்ரரியையும் நம்பாமல் ஓடும்.

செஷனும் போய்விட்டதென்றால் இன்ஸ்டன்ஸை நிறுத்தி, அதன் ரூட் டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு நல்ல சர்வரில் கூடுதல் டிஸ்க்காக மாட்டி, மவுண்ட் செய்து, அங்கிருந்து சிம்லிங்கைச் சரிசெய்து மீண்டும் மாட்டுங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தால் இன்னும் சுலபம்.

ஓடத் தொடங்கிய பிறகு

லைப்ரரியை அப்டேட் செய்தாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ்கள் பழைய காப்பியையே நினைவகத்தில் வைத்திருக்கும். உபுண்டுவில் நீட்ரீஸ்டார்ட், ரெட்ஹேட்டில் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் ஓட்டி எதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று பாருங்கள்.

தனியாக வைத்த லிப்எஸ்எஸ்எல் 1.1 பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஓடு முடிந்தது, உபுண்டு 20.04-இன் வழக்கமான ஆதரவும் 2025-இல் முடிந்துவிட்டது. ஆப்ட் அப்கிரேடு உங்கள் /ஆப்ட் டைரக்டரியை எட்டிக்கூடப் பார்க்காது, அந்த ஃபைலின் பாதுகாப்புக்கு இனி நீங்கள்தான் பொறுப்பு. அந்தப் புரோகிராமை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள், முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வைத்து டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கம் செய்யும்) வேலையை சிஸ்டத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 செய்யட்டும். அதே டைரக்டரியில் ஒரு ரீட்மீ ஃபைலில் எந்த டெப்-இலிருந்து எடுத்தது, என்ன வெர்ஷன், எந்தப் புரோகிராமுக்காக என்று எழுதி வையுங்கள். புது பில்ட் வந்து அந்தப் புரோகிராமை மாற்றும் நாளில், லிப் டைரக்டரியின் பெயரை முதலில் மாற்றி வைத்துவிட்டு எல்டிடி ஓட்டுங்கள், எதுவும் "நாட் ஃபவுண்ட்" ஆகவில்லை என்றால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு டைரக்டரியை அழித்துவிடலாம்.